வேர்க்குரு என்று நான் சொன்னது

சரவணா, இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். புனேப் பக்கம் கட்கியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் இவ்வளவு தெரிவதே பெரிது. கவிதா கோயம்புத்தூரிலிருந்து வந்த மருமகள், கடகடவென்று வாசித்துவிடுவாள். ஆனாலும் முதலில் அவளிடம் கொடுக்காதே. நீயே படி. நேரமானாலும் பரவாயில்லை. படித்து முடித்த பிறகு அவளிடம் கொடு, அன்றைக்கே கொடு. இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேச்சோடு பேச்சாக இரண்டு விஷயம் சொன்னாய். கவிதா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாக வருகிறது, பாதி வகுப்பு வரவில்லை, வெயில் சூடுதான் என்றாய். அப்புறம், "சீக்கிரம் நல்ல செய்தி சொல்றோம்மா" என்று சிரித்தாய். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே என்று நான் சொன்னதும், ஹைதராபாத் வெயில் உனக்குத் தெரியாதும்மா என்று பேச்சை மாற்றிவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நல்ல செய்தி இனிமேல்தானா, வந்தே விட்டதா, அதை நான் கேட்கவில்லை. உன் அப்பா இந்தக் கடிதமே வேண்டாம் என்கிறார். சோற்றைப் பிசைந்துகொண்டே, இத்தனை வருஷம் கழித்து அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது, போனில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்கிறார். நாலு வார்த்தையில் சொன்னால் நீ சிரித்துவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் முழுசாக எழுதுகிறேன். காலையிலிருந்து மூன்று தடவை எழுந்துபோய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு மல்லிகா அத்தையை நினைவிருக்கிறதா? பேக்டரி குவார்ட்டர்ஸில் நமக்குப் பக்கத்து வீடு. அவள் புருஷன் தண்டபாணி உன் அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது மல்லிகாவுக்குப் பத்தொன்பது வயது. தண்டபாணி அவளுக்கு அத்தை மகன்தான். அந்த அத்தையும் அவர்களோடுதான் இருந்தார். மல்லிகாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. காய்காரனிடம் விலை கேட்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். நான் கட்கியிலேயே பிறந்தவள். ரேஷன் கடை, போஸ்டாபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் அவளுக்கு நான்தான் வாய். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை நம் வீட்டில் எறிந்துவிட்டு அவள் வீட்டில் போய்ச் சாப்பிடுவாய். நமக்குள் சொந்தம் கிடையாது. ஆனால் என்னை அவள் அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நீ மூன்றாம் வகுப்பு படித்தாய். சித்திரை வெயில். ஒருநாள் காலையில் உனக்கு முகமெல்லாம் மெல்லிய சிவப்புப் பொரி. லேசான காய்ச்சல். சாயந்திரத்துக்குள் நெஞ்சு, முதுகு எல்லாம் பரவிவிட்டது. மறுநாள் கால் வரைக்கும் இறங்கியது, அதற்குள் முகத்தில் மங்கத் தொடங்கியிருந்தது. தலை வாரும்போது உன் காதுக்குப் பின்னால் பட்டாணி மாதிரி இரண்டு மூன்று கட்டி என் விரலில் தட்டுப்பட்டது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது ஒரு மராட்டி லேடி டாக்டர். உன் கழுத்தைத் தடவிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பொரி எங்கே முதலில் வந்தது என்று கேட்டார். இது பெரிய தட்டம்மை இல்லை, அதைவிடச் சின்ன வகை, ஒரு வைரஸ், ருபெல்லா என்று பேர், மூன்று நாளில் தானாகப் போய்விடும், பையனுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அப்புறம், "கர் மே கோயீ பேட் ஸே ஹை க்யா?" என்று கேட்டார். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்று. நான் நஹீ என்றேன், இல்லை என்று. ஒரு வாரம் பையனை வெளியே விடாதே, கர்ப்பமான பெண் பக்கத்தில் போகவே விடாதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று இரண்டு தடவை சொன்னார். நன்றாகக் கேட்டது, சரவணா. இந்தி எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

நம் வீட்டில் யாரும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டில் மல்லிகாவுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம். அத்தைக்குக்கூடச் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

டாக்டர் சொன்னபடி உன்னை வீட்டிலேயே வைத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம்தான் பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு ஆள் எடுத்தார்கள். நாலு மாதம் நடையாய் நடந்து கிடைத்த வேலை. வியாழக்கிழமை காலையில் வரவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். உன் அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். உன் முகத்தில் ஒன்றும் இல்லை, காலில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். நீ ஓடிக்கொண்டிருந்தாய். உன்னை மல்லிகா வீட்டில் விட்டேன். அவள் உன் காலைப் பார்த்துவிட்டு, "இது இன்னாக்கா, செவசெவன்னு கீது?" என்று கேட்டாள்.

"வேர்க்குருதான். வெயில் அப்டி கீது" என்றேன்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் நீ அவள் மடியில் தலைவைத்துத் தூங்கினாய். எனக்கு வேலை கிடைத்தது. பதினேழு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். அதில்தான் நீ என்ஜினியரிங் படித்தாய். ஒவ்வொரு நாளும் பஸ் ஏறும்போது அந்த வியாழக்கிழமை நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய். சில நாள் வரும். வராத நாளும் நிறைய உண்டு. அதுவும் என் குற்றத்தில் சேரும்.

இரண்டு, இரண்டரை வாரம் போயிருக்கும். நான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். மல்லிகா வந்து விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது, துணி பிழிய முடியவில்லை என்றாள். புடவைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். மெல்லிய சிவப்புப் பொரி. நான் ஆறுதலாகத் தலையைத் தடவுகிற மாதிரி காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன். பட்டாணி. அவள், "உன் பையனுக்கு வந்த மாதிரியே கீதுக்கா" என்று சிரித்தாள். நான் மறுபடியும் வேர்க்குரு என்றேன். அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று முடிவெடுக்கிற உரிமை அவளுக்கும் தண்டபாணிக்கும் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளில் பொரி போய்விட்டது. எல்லாம் போய்விட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். தோலில் போனால் உள்ளேயும் போய்விட்டது என்றுதானே நினைப்போம்.

அபிராமி பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி லட்சணமான குழந்தை. கைகால் எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு நான் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினேன். ஏன் ஏற்றினேன் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது நீதான் அதைக் கண்டுபிடித்தாய். உனக்கு நினைவிருக்காது. பாப்பாவுக்கு விளையாட்டுக் காட்டுகிறேன் என்று அவள் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாய். மறுபடியும் போட்டாய். ஓடி வந்து, "அம்மா, பாப்பா திரும்பவே மாட்டேங்குது" என்றாய். நான் உன் கையைப் பிடித்து முதுகில் ஒரு அடி வைத்தேன். தட்டு நசுங்கிவிடும் என்று திட்டினேன். அந்த அடி எதற்கு என்று இன்றைக்குச் சொல்கிறேன். நீ சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது, அதற்காகத்தான்.

புனேயில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். மல்லிகாவும் அவள் அத்தையும் குழந்தையை எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தி பேச நான் கூடப் போனேன். காது டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் கேட்டார்: கர்ப்பமான முதல் மாதங்களில் இவளுக்குக் காய்ச்சல் வந்து உடம்பில் சிவப்புப் பொரி வந்ததா? அதை அப்படியே தமிழில் சொல்ல வேண்டியது மட்டும்தான் என் வேலை. நான் மல்லிகா பக்கம் திரும்பி, "மாசமா இருக்கச்சே உனக்கு அம்மை போட்டுச்சான்னு கேக்கறாரு" என்றேன்.

"இல்லியே, அம்மை எதுவும் போடலியே" என்றாள்.

நான் டாக்டரிடம் நஹீ என்றேன். அவள் பொய் சொல்லவில்லை. என் வார்த்தைதான் பொய். அடுத்து அவர், சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். அதை ஒரு எழுத்து மாறாமல் தமிழில் சொன்னேன். ஆமாம், அத்தை மகன் என்றார்கள். டாக்டர் எழுதிக்கொண்டார். சொந்தத்தில் கட்டினால் இப்படி வரலாம், அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு உண்டு என்றார். 'வரலாம்' என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது நிச்சயம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அந்த அத்தை தன் அண்ணன் மகளைப் பெண் கேட்டு வந்த நாளை நினைத்து நினைத்துத் தன்னையே சபித்துக்கொண்டார். தண்டபாணி மல்லிகாவை நிமிர்ந்து பார்த்துப் பேசுவது குறைந்துபோனது. மல்லிகா தன் ரத்தத்திலேயே ஏதோ கெட்டது இருக்கிறது என்று நம்பினாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். துடைக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால், உன் பையனால்தான் என் பேத்தி இப்படி ஆனாள் என்று அந்த அத்தை குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்வார், அது உன் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். உனக்காக என்றுதான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். பாதி உனக்காக. பாதி எனக்காக.

அபிக்கு மூன்று வயது முடிந்தபோது மல்லிகா மறுபடியும் கர்ப்பமானாள். வீட்டில் ஒரே பேச்சில் முடிவு செய்துவிட்டார்கள், கலைத்துவிடலாம் என்று. இன்னொரு குழந்தையும் அப்படியே பிறந்தால் யார் பார்ப்பது என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாகி, பேச ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கம்பெனிக்கு லீவு போட்டேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். சங்கம் பாலம் தாண்டும்போது, "அக்கா, நிச்சயமா இதுவும் அப்டித்தான் ஆகுமான்னு ஒரே ஒரு தடவ கேட்டுப் பாரேன்" என்றாள்.

உள்ளே இருந்தது வயதான ஒரு லேடி டாக்டர். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டார். மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் என் பையனுக்கு வந்த பொரி, டிஸ்பென்சரி டாக்டர் சொன்னது, மூன்று நாள் இவள் வீட்டில் விட்டது, இவள் கழுத்தில் பார்த்தது, காது டாக்டரிடம் மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும் இந்தியில் கொட்டிவிட்டேன். மல்லிகா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. "அப் இன்கோ பதாயியே" என்றார். இப்போது இவளிடம் சொல்லுங்கள்.

தமிழில் சொல்ல ரொம்ப நேரமானது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், டாக்டர் யாரையும் உள்ளே விடவில்லை. மல்லிகா நான் சொல்லி முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப எங்க ரத்தம் இல்லியா?" அதை நான் இந்தியில் கேட்டேன், டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அந்தப் பொரி வைரஸ் ஒரு தடவை வந்தவர்களுக்குப் பொதுவாக மறுபடி வராது, இந்தக் குழந்தைக்கு அந்த ஆபத்து இல்லை என்றே நினைக்கலாம். சொந்தத்தில் கட்டியதால் கொஞ்சம் பயம் எப்போதும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். முதலில் பெரிய குழந்தையின் கண்ணைக் காட்டுங்கள், அந்த வைரஸ் உள்ளே தடம் விட்டுப் போயிருக்கும் என்றார். அடுத்த வாரம் கண் டாக்டர் அபியின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உப்பும் மிளகும் தூவின மாதிரி புள்ளிகள் இருக்கின்றன, இது அந்த வைரஸ் வேலைதான் என்றாராம். அந்த வாரம் நான் கூடப் போகவில்லை. என்னைக் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மல்லிகா பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. குழந்தையைக் கலைக்கவில்லை. அவளுக்குப் பையன் பிறந்தான். தொட்டிலில் இருந்துகொண்டு கதவுச் சத்தத்துக்கெல்லாம் திரும்புகிறான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்டபாணி வாசலில் நின்று உன் அப்பாவிடம், பிம்ப்ரியில் வீடு பார்த்துவிட்டோம் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார். நீ என்னிடம் ஏன் அவர்கள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய். தண்ணீர்ச் சண்டை என்றேன். நாலைந்து வருஷம் கழித்து பிம்ப்ரி சந்தையில் அவளைத் தூரத்தில் பார்த்தேன். கடைக்காரனோடு மராட்டியில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அபி. அவளிடம் கையால் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் இந்தி படித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கப்புறம் அவளுக்காகப் பேச யாரையும் அவள் விடவில்லை.

ஒன்றை மட்டும் நன்றாகப் படி. நீ எட்டு வயதுக் குழந்தை. உனக்கு வந்தது உன் தப்பு இல்லை. பொரி வெளியே தெரிவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே அது தொற்றும், அதனால் நீ அவள் வீட்டில் சாப்பிட்ட நாட்களிலேயே வந்திருக்கலாம் என்று அந்த வயதான லேடி டாக்டர் சொன்னார். இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்க நான் முயற்சி செய்தேன், முடியவில்லை. நோய் எப்படி வந்தது என்பது வேறு, நான் என்ன சொன்னேன் என்பது வேறு.

நேற்று காலையில் யார் யாரிடமோ கேட்டு மல்லிகாவின் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். "ஹலோ, கோன்?" என்றாள், யார் என்று இந்தியில். பேரைச் சொன்னேன். வைத்துவிடவில்லை. அபி நன்றாக இருக்கிறாள், காது கேட்காத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்றாள். உன் கதையைச் சொன்னேன், கவிதா பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், எல்லாவற்றையும் என் பையனுக்கு எழுதட்டுமா, உன் பேரையும் எழுதட்டுமா என்று கேட்டேன். பின்னால் டிவி சத்தமும் ஒரு பையன் குரலும் கேட்டன. அப்புறம் சொன்னாள்.

"எழுதுக்கா. நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாத. மன்னிக்கல. ஆனா அந்தப் பொண்ணுக்கு எல்லாத்தையும் சொல்லு. எதையும் மாத்தாம சொல்லு."

எதையும் மாற்றாமல் எழுதிவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. கவிதாவை ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போ. ருபெல்லா அவளுக்கு முன்பே வந்திருக்கிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிடலாம். எதிர்ப்பு இல்லை, வயிற்றிலும் குழந்தை இல்லை என்றால் ஊசி போட்டுக்கொண்டு டாக்டர் சொல்கிற காலம் வரைக்கும் பொறுங்கள். குழந்தை ஏற்கெனவே தங்கியிருந்தால் அந்த ஊசி போடக்கூடாது. அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது வேர்க்குருவாகவே இருக்கலாம். ஒன்றைப் போல ஒன்று இருக்கும். கண்ணால் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், வேர்க்குரு என்று சொன்னவள் நான். வெட்கப்பட்டுக்கொண்டு எதையும் குறைத்துச் சொல்லாதே. அவள் சொல்வதை நீ மாற்றிச் சொல்லாதே. அவளே பேசட்டும்.

என் மேல் கோபம் வந்தால் வரட்டும். எத்தனை நாள் பேசாமல் இருக்கத் தோன்றுகிறதோ இரு, நான் கேட்கமாட்டேன். ஆனால் இது கையில் கிடைத்த அன்றைக்கு ஒரே ஒரு தடவை போன் செய். நல்லா இருக்கியாம்மா என்றெல்லாம் கேட்க வேண்டாம். டாக்டரிடம் எந்தக் கிழமை போகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு.

அம்மா